நூறு மீட்டர் மரியாதை

திமிங்கலம் மாட்டேன் என்று சொல்லிவிட்டது. ஆகவே பதினொன்றரை மணிக்கு ஜெசிந்தாவின் அடுப்படிக்கு ஆள் வரும்.

கடற்கரைக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிவதை அவள் சன்னல் வழியே பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கொடியில் காய்ந்த துணிகளை உருவி உள்ளே போட்டாள். செத்துப்போன கணவர் இன்னாசியின் படத்துக்குக் கீழே கிடந்த மருந்துச் சீட்டை எடுத்து ஒளித்தாள். ஒளித்ததை மறுபடி எடுத்து வேறிடத்தில் ஒளித்தாள். சிப்பிமுனையில் அந்த நேரத்தில் நாற்பது வீடுகளில் நாற்பது பெண்கள் இதையேதான் செய்துகொண்டிருப்பார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கிடக்கும் இந்தச் சின்ன ஊரின் பெயர் உலகத்துக்கே தெரிந்ததற்குக் காரணம் இசைவுமானி. கடலில் மிதக்கும், பூசணிக்காய் அளவுக் கருவி. நீருக்குள் காது வைத்துத் திமிங்கலத்தின் இதயத்துடிப்பைக் கேட்கும். எந்தத் திமிங்கலத்துக்கு எவ்வளவு துடிப்பு வழக்கம் என்பது அதற்கு மனப்பாடம். வழக்கப்படி இருந்தால் பச்சை, அதாவது இசைவு; படகு முப்பது மீட்டர் வரை நெருங்கலாம். துடிப்பு வழக்கத்தை விட்டுத் துள்ளினால் சிவப்பு, அதாவது மறுப்பு. நூறு மீட்டருக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். திமிங்கலமே வலிய வந்தாலும் படகு பின்வாங்கியே தீரவேண்டும். ஓட்டுகிறவர் மறந்தாலும் எஞ்சின் மறக்காது, தானே பின்னால் இழுத்துக்கொள்ளும்.

சுற்றுலாப் படகுகள் தெருநாய்க் கூட்டம்போலத் திமிங்கலங்களைத் துரத்திய கடல் இது. இசைவுமானி வந்த பன்னிரண்டு வருடத்தில் திமிங்கலங்கள் திரும்பின. மீனும் திரும்பியது. ஊரில் ஆஸ்பத்திரி வந்தது, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. இதையெல்லாம் ஜெசிந்தா ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. நன்றி கெட்டவள் அல்ல அவள்.

ஆனால் திமிங்கலம் மறுத்த நாளில், ஆயிரம் மைல் பறந்து வந்தவர்களை வெறுங்கண்ணோடு திருப்பி அனுப்ப முடியுமா? அதற்குத்தான் கரை ஒப்பந்தம். திமிங்கலம் இல்லையென்றால் ஊராரின் கரை வாழ்க்கையைக் காட்டுவது. கடலில் உள்ளதற்கு மாட்டேன் என்று சொல்ல ஒரு கருவி இருந்தது. கரையில் உள்ளதற்கு அது இல்லை.

பதினொன்று இருபத்தெட்டுக்கே வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர். எல்லோர் மூக்கிலும் நோக்காடி. பார்க்கிற எதையும் பதிவு செய்துகொள்ளும் மூக்குக்கண்ணாடி அது. அடுப்படியின் குறுக்கே கட்டிய மஞ்சள் கயிற்றுக்குப் பின்னால் ஒழுங்காக நின்றார்கள். நல்ல மனிதர்கள், தொடமாட்டார்கள், சத்தம் போடமாட்டார்கள். கூரையிலிருந்த விளம்பி, வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லும் குரல்பெட்டி, தேன் தடவிய குரலில் தொடங்கியது.

"இவர் இப்போது சாளை மீனைச் சுத்தம் செய்கிறார்."

"சூட," என்றாள் ஜெசிந்தா, வாய்க்குள். பன்னிரண்டு வருடமாக அது சூடை மீனைச் சாளை என்கிறது. பன்னிரண்டு வருடமாக அவள் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

அவர்கள் போனதும் கோயம்புத்தூரிலிருந்து மகள் ஷெரின் கூப்பிட்டாள். ஷெரினுக்கு இது எட்டாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதில் ஜெசிந்தாவுக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. கட்டில் வாங்கியாயிற்று, தொட்டிலுக்குக் கூரையில் கொக்கியும் மாட்டியாயிற்று.

"எம்மா, நான் அங்க வரல."

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"நீ மீன் கழுவுறதையே பன்னெண்டு பேரு நின்னு பாக்காவ. நான் பிள்ளைக்குப் பால் குடுக்கும்போது கயிறு கட்டி நிப்பாவளா? அந்தப் பெட்டி என்னன்னு சொல்லும்? 'இவர் இப்போது'ன்னு ஆரம்பிக்குமா?"

ஜெசிந்தா கூரையை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பெட்டி அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

"வீட்டுக்குள்ள யாரும் வரமாட்டாவன்னு சொல்லு, நாளைக்கே வாரேன்," என்று ஷெரின் போனை வைத்தாள்.

பிற்பகலில் கொழுந்தன் கிளமெண்ட் சாப்பிட வந்தார். இன்னாசியின் தம்பி. அண்ணன் விட்டுப்போன 'சலேத் மாதா' படகை இப்போது அவர்தான் ஓட்டுகிறார், திமிங்கலம் பார்ப்பவர்களை ஏற்றிக்கொண்டு.

"இன்னிக்கும் மறுத்தது திரேசம்மாதான் மைனி," என்றார், கையைக் கழுவிக்கொண்டே. "மத்ததெல்லாம் பச்ச. இவ மட்டும் என் படகப் பாத்தாலே செக்கச்செவேல்னு மறுப்பு. மறுத்துட்டு சும்மா போறாளா? பின்னாலயே வாரா. எஞ்சின் இழுத்துக்கிட்டு ஓடுது, இவ தொரத்துதா. பாறைப் பார் வரைக்கும் தொரத்திட்டுத்தான் திரும்புனா, மத்தது ஒண்ணுகிட்டயும் போக முடியல. அண்ணன் என்ன பாவம் செஞ்சாரு அவளுக்கு?"

இன்னாசி செய்தது பாவம் அல்ல. இசைவுமானிக்கு முந்தைய காலத்தில், குட்டியாக இருந்த திரேசம்மாவின் வாலில் வலை சுற்றிக்கொண்டு கிடந்தபோது, தண்ணீரில் குதித்து ஒன்றரை மணி நேரம் அறுத்து விடுவித்தவர் அவர். புனிதையின் பெயரை வைத்தவரும் அவர்தான். அதற்கு இதுதான் கைம்மாறா என்று ஜெசிந்தாவுக்கு அந்தத் திமிங்கலத்தின்மேல் ஆத்திரம் உண்டு. அது மறுப்பதால்தான் பாதி நாள் அடுப்படியில் ஆள் நிற்கிறது.

"அவளுக்காவது மறுக்க முடியுது," என்று சொல்லிவிட்டு மகள் சொன்னதைச் சொன்னாள்.

கிளமெண்ட் சோற்றில் கையை வைத்தபடி யோசித்தார். படகு ஓட்டும் உரிமத்துக்காகக் காப்புச் சட்டத்தை நெட்டுருப் போட்டவர். சட்டம் அவருக்கு மந்திரம் மாதிரி வாயில் வரும். "'கடலைச் சார்ந்து வாழும் பாலூட்டி எதுவாயினும், அதன் இசைவின்றி எவரும் நெருங்கலாகாது.' ஆவுளியா, ஓங்கல்னு குட்டி போட்டுப் பால் குடுக்குற ஒண்ணும் விட்டுப்போயிரக் கூடாதுன்னு இப்படி எழுதியிருக்கான்," என்றார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார். "மைனி, ஒரு சந்தேகம்."

"என்ன?"

"நாம என்ன முட்டையா போடுதோம்?"

ஊர் சேர்ந்து போட்ட மனுவில் இருந்த வாதமே அந்த ஒரு வரிதான். கடல் தீர்ப்பாயத்தில் மூன்று அமர்வுகள். சிப்பிமுனை மக்கள் கடலைச் சார்ந்து வாழ்வதை யாரும் மறுக்கவில்லை. சுற்றுலாத் துறையின் விளம்பரமே அதைத்தான் சொன்னது. நீதிபதி எதிர்த்தரப்பு வக்கீலிடம் ஒரே கேள்வி கேட்டார்: "மனிதர் பாலூட்டியா, இல்லையா?" வக்கீல் ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, ஆமாம் என்றார். பத்தே நாளில் தீர்ப்பு வந்தது. சிப்பிமுனையில் நிரந்தர முகவரி உள்ள அனைவரும் காக்கப்பட்ட உயிர்கள்.

அன்று ஊர் ஆடிய ஆட்டம் மாதா திருவிழாவுக்குக்கூட ஆடியதில்லை.

ஒவ்வொரு தெருமுனையிலும் வீட்டு முற்றத்திலும் இசைவுமானிக் கம்பம் நட்டார்கள். இசைவு அலுவலகத்திலிருந்து தமயந்தி என்ற அதிகாரி வந்திருந்தாள். இளம் வயது, மரியாதையான பேச்சு. ஒரு வாரம் கருவி ஒவ்வொருவரின் வழக்கமான துடிப்பையும் கேட்டுப் பதிந்துகொண்டது. அந்த ஒரு வாரமும் சுற்றுலாப் பயணிகள் வழக்கம்போல வந்துபோனார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டாம் நாள் பன்னிரண்டு பேர் வந்து கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள். ஜெசிந்தா விளக்கைப் பார்த்தாள். பச்சை.

"நான் சம்மதிக்கலயே!" என்றாள் திகைத்துப்போய்.

"உங்க இதயம் எழுபத்திரண்டுல இருக்கும்மா. அதான் உங்க வழக்கம்," என்றாள் தமயந்தி.

"பன்னெண்டு வருசமா பாத்து மரத்துப்போச்சு. அது சம்மதமா?"

"கருவிக்கு அதெல்லாம் தெரியாதும்மா. துடிப்பு மட்டும்தான் தெரியும்."

ஊர்ப் பெண்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். ஆள் வரும் நேரத்தில் பக்கத்து வீட்டோடு சண்டை பிடித்தார்கள். பரம்பரைக் கோபங்களைத் தூசு தட்டி எடுத்தார்கள். துடிப்பு ஏறியது, சிவப்பு எரிந்தது, பயணிகள் தலைவணங்கி நூறு மீட்டர் பின்வாங்கினார்கள். நான்கே நாள்தான். கருவி கற்றுக்கொள்ளும் சாதி; தினமும் பதினொன்றரைக்குச் சண்டை போடுவது இவர்களின் வழக்கம் என்று குறித்துக்கொண்டது. மறுபடி பச்சை. சண்டை மட்டும் மிச்சம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகச் சட்டத்தின் மற்ற பிரிவுகளும் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன. காக்கப்பட்ட உயிருக்கு வெளியார் உணவு தரக்கூடாது. ரொட்டி வண்டி ஊர் எல்லையோடு நின்றது. வெளியார் தொடக்கூடாது, தலைமுடி வெட்ட வருகிறவர் உரிமம் கேட்டு வரிசையில் நின்றார். பாளையங்கோட்டையிலிருந்து பூசை வைக்க வரும் சாமியார், நெருங்க அனுமதிக்கும் அருகணைவுச் சீட்டு இல்லாமல் நன்மை அப்பம் கொடுக்க முடியவில்லை. கிளமெண்ட் தெருவில் தலை காட்டுவதில்லை. சட்டத்தைத் திருத்த மனு போட்டால் எட்டு மாதம் ஆகும் என்றார்கள். பிள்ளை எட்டு மாதம் காத்திருக்குமா?

கடைசியில் ஷெரின்தான் இறங்கி வந்தாள். "நீ ஜெயிச்சியோ தோத்தியோ, எனக்கு ஒன் பக்கத்துல இருக்கணும்போல இருக்கும்மா. வாரேன்," என்றாள் போனில்.

மாலை நான்கு மணிக்குத் தானோட்டி வண்டி ஊர் எல்லைக் கயிற்றின் முன்னால் வந்து நின்றது. ஆளில்லாமல் ஓடுகிற வண்டி. சட்டத்தை மட்டும் ஓட்டுநர்போல உள்ளே வைத்திருந்தது. ஷெரினின் முகவரி இப்போது கோயம்புத்தூர். ஆகவே அவள் வருகையாளர்.

ஜெசிந்தா காலையிலிருந்து தெருவிலேயே நின்றாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், வீட்டுக்குள் போய்க் குழம்பைக் கிண்டிவிட்டு ஓடிவந்தாள். வண்டிக் கண்ணாடிக்குள் மகளின் முகம் தெரிந்தது, தெரிந்ததும் தெருமுனைக் கம்பம் சிவந்தது.

"மறுப்பு," என்றது கம்பம்.

"யாரு மறுத்தா? எம்புள்ள அது!"

சத்தம் போட்டதில் துடிப்பு இன்னும் ஏறியது. அவள் பொறுக்கமாட்டாமல் வண்டியை நோக்கி நடந்தாள். வண்டி பின்னால் நகர்ந்தது. வேகமாக நடந்தாள். வண்டியும் வேகமாகப் பின்வாங்கியது, சரியாக நூறு மீட்டர் இடைவெளி விட்டு. உள்ளே ஷெரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். காப்பு எல்லையில் கதவு திறக்காது. ஜெசிந்தா ஓடினாள். ஐம்பத்தாறு வயதில், செருப்பு ஒரு பக்கம் கழன்று போக, உப்பளச் சாலையில் ஓடினாள். வண்டி மரியாதையாக, மிக மரியாதையாக, முன்பக்கத்தை அவளுக்குக் காட்டியபடியே பின்னோக்கி ஓடியது.

கிளமெண்ட் வந்து அவளைப் பிடித்து நிறுத்தியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"கிளமெண்டு," என்றாள். "அவ தொரத்தல."

"யாரு மைனி?"

"திரேசம்மா. அவ கோவத்துல வரலய்யா. ஒம்ம அண்ணன் படகுச் சத்தம் கேட்டு வந்திருக்கா. சந்தோசத்துல வந்திருக்கா. நீரு பன்னெண்டு வருசமா பின்னால ஓடியிருக்கீரு."

கிளமெண்ட் சாலையில் கிடந்த அவளுடைய செருப்பை எடுத்துவந்து கொடுத்தார்.

சட்டத்தில் ஒரு வழிதான் இருந்தது. மறுநாள் பதினொன்றரைக்கு ஷெரின் சுற்றுலாச் சீட்டு எடுத்து, நோக்காடி மாட்டிக்கொண்டு, பதினோரு பேரோடு பன்னிரண்டாவது ஆளாகத் தன் வீட்டு வாசலைத் தாண்டினாள். ஜெசிந்தா கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் கழுவினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நினைவில் வைத்திருந்ததெல்லாம் அந்தப் பன்னிரண்டு வருடத்துச் சலிப்பைத்தான். கயிற்றுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். யார் என்று தெரியும். தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"இவர் இப்போது சாளை மீனைச் சுத்தம் செய்கிறார்," என்றது விளம்பி.

ஜெசிந்தா திருத்தவில்லை. விளக்கு பச்சையாகவே இருந்தது.

தமயந்தி நல்ல பெண். நீண்டகால வருகையாளர் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து ஷெரினைப் பின்னறையில் தங்கவைத்தாள். "சிவப்பு வந்தா மட்டும் அவங்க எல்லை வரைக்கும் போய் நிக்கணும்மா. உங்களுக்குப் பழகிடும். பழகினா பச்சைதான்," என்று ஆறுதலாகச் சொன்னாள்.

முதல் வாரம் நாளுக்கு நாலு முறை சிவப்பு வந்தது. மகள் தூங்குவதைப் பார்த்தால் சிவப்பு. வயிற்றில் பிள்ளை உதைக்கிறது என்று அவள் கையை எடுத்து வைத்தால் சிவப்பு. ஒவ்வொரு முறையும் நிறைமாதக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நூறு மீட்டர் நடந்தாள். மூன்றாம் நாள் கால் வீங்கிப்போயிற்று. அந்தக் காலைப் பார்த்தபிறகு ஜெசிந்தா ஒரு முடிவுக்கு வந்தாள். மகள் இங்கே இருக்க வேண்டுமென்றால் தான் சந்தோஷப்படக் கூடாது. அவ்வளவுதானே? இதைவிடக் கஷ்டமானதையெல்லாம் செய்திருக்கிறாள்.

கற்றுக்கொண்டாள். மகள் சிரித்தால் சுவரைப் பார்த்தாள். பிள்ளைக்குப் பெயர் யோசிக்கும்போது தண்ணீர்க் குடங்களை எண்ணினாள். ஷெரினுக்குப் பிடித்த புளிமுளம் என்ற மீன்குழம்பை வைத்தாள், ஆனால் அவள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டாம் வாரம் சிவப்பு ஒரே ஒரு முறை. மூன்றாம் வாரம் அதுவும் இல்லை. முன்பெல்லாம் ஓரிடத்தில் நிற்காத பெண், இப்போது ஒரே நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். பார்க்கிறவர்கள், மகள் வந்ததும் ஜெசிந்தாவுக்கு நிம்மதி வந்துவிட்டது என்றார்கள்.

ஒரு காலை, ஒன்பது மணிக்கு, வலி வேகமாக வந்து வீட்டிலேயே பிள்ளை பிறந்தது. உரிமம் பெற்ற செவிலி குழந்தையைத் துடைத்து ஜெசிந்தாவின் கையில் வைத்தாள். பெண் குழந்தை. இன்னாசியின் நெற்றி, இன்னாசியின் காது மடல். அது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

அறையில் இருந்த மூன்று பேரும் சன்னல் வழியே முற்றத்துக் கம்பத்தைப் பார்த்தார்கள். கருவிக்கு இன்று ஒருநாள் மட்டும் கண் தெரியாமல் போகட்டும் என்று செவிலி மாதாவை வேண்டிக்கொண்டாள்.

வேண்டியிருக்கவே தேவையில்லை. விளக்கு பச்சையாக எரிந்தது. எழுபத்திரண்டு.

ஷெரின் விளக்கைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மறுபடி விளக்கைப் பார்த்தாள்.

"எம்மா... ஒனக்கு சந்தோசமா இல்லியா?"

ஜெசிந்தா உள்ளே தேடினாள். நிச்சயமாக அங்கேதான் எங்கோ வைத்திருந்தாள். ஒளித்ததை மறுபடி எடுத்து வேறிடத்தில் ஒளித்து, அந்த இடம் மறந்துபோய்விட்டது.

"இருக்குட்டி," என்றாள். "இருக்கும்."

வாசலில் கிளமெண்டின் குரல் கேட்டது. படகைக் கரையில் கட்டிவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்திருந்தார். பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தார், ஆனால் வாயில் முதலில் வந்தது வேறு.

"மைனி! திரேசம்மாவும் இன்னிக்குப் பச்ச! பன்னெண்டு வருசத்துல மொத தடவ! படகு கிட்டப் போவுது, அவ அசையல, திரும்பல, அப்படியே கெடக்கா. எல்லாரும் கை தட்டுதாவ. சம்மதிச்சிட்டா மைனி!"

ஜெசிந்தா குழந்தையைத் துணியில் சுற்றி மகளின் பக்கத்தில் கிடத்தினாள். பிறகு அடுப்படிக்குப் போய், பழக்கதோஷத்தில், மஞ்சள் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

அன்று பதினொன்றரைக்கு யாரும் வரவில்லை. எல்லோரும் திமிங்கலம் பார்க்கப் போயிருந்தார்கள்.